வாசகர் கேள்வி – பதில்: பழிவாங்க வந்தவளை மீண்டும் எரிக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மிகக் குறைந்த செலவில் பேய்ப்படம் ஒன்று எடுக்க இருக்கிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சூனியக்காரி என்று பொய்ப்பழி சுமத்தி ஊரார் எரித்த பெண் திரும்பி வந்து, அவர்களுடைய வாரிசுகளைப் பழிவாங்குகிறாள். இறுதியில் ஒரு மந்திரவாதி அவளை மறுபடியும் எரித்து அழிக்கிறார். பணமில்லாமல் பயமுறுத்த முடியுமா? முடிவு பொருத்தமாக இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: பயமுறுத்த முடியும். 1999-இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' படத்தில் நடிகர்களே கேமராவைச் சுமந்தார்கள். சூனியக்காரி ஒரு காட்சியிலும் தோன்றவில்லை. இரவில் கூடாரத்துக்கு வெளியே கேட்கும் ஓசைகளும் மரங்களில் தொங்கும் குச்சி உருவங்களுமே அச்சத்தை உண்டாக்கின. ஆகவே ஒப்பனைக்கும் கிராபிக்ஸுக்கும் ஒதுக்கிய தொகையை ஒலிப்பதிவுக்கு மாற்றுங்கள். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றைப் பதிவு செய்யக் கட்டணம் ஏதும் இல்லை.

எனக்குக் கவலை தருவது உங்கள் முடிவுதான். 1960-இல் வந்த 'பிளாக் சண்டே' என்ற இத்தாலியப் படத்திலும் கொல்லப்பட்ட சூனியக்காரி திரும்பி வருகிறாள், கடைசியில் நெருப்புக்கு இரையாகிறாள். ஆனால் அவள் உண்மையிலேயே சாத்தானுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவள். உங்கள் கதையின் பெண்ணோ குற்றமற்றவள். குற்றமற்றவளை இரண்டாம் முறையும் எரித்துவிட்டு, பார்வையாளரை நிம்மதியாக வீட்டுக்குப் போகச் சொல்வது எவ்வாறு நியாயமாகும்? அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-இல் சூனிய வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்ட அரசே, 1711-இல் பலருடைய தண்டனையை நீக்கி, அவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கியது.

படப்பிடிப்புக்கு முன்பு, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கொடைவிழா ஒன்றில் உட்கார்ந்து நீலி கதையை வில்லுப்பாட்டாகக் கேளுங்கள். தன் மடியில் நம்பி உறங்கியவளின் தலையை மெல்ல மணலில் இறக்கி வைத்து, நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொல்லும் அந்தணனும், அதற்குச் சாட்சியாக நிற்கும் கள்ளிச்செடியும் முதலில் வருகிறார்கள். கொலையுண்டவளே மறுபிறப்பில் நீலியாகிறாள். மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்த அவனை, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு வரும் நீலி, "இவர் என் கணவர்" என்று ஊர்ச்சபையில் வழக்குரைத்து வெல்கிறாள். அவள் வணிகனைக் கொன்றுவிட, அவள் சொல்லை நம்பி அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற எழுபது வேளாளர்கள் பின்னர் தீயில் இறங்குகிறார்கள். வில், குடம், உடுக்கை போன்ற சில கருவிகளை மட்டும் கொண்டு இத்தனையையும் கண்முன் நிறுத்துகிறார்கள். என்னை நடுங்க வைப்பது அந்த வழக்குதான். நல்லவர்கள் நேர்மையாக விசாரித்தும் ஏமாந்து போகிறார்கள். நீலியை இங்கே யாரும் எரித்து அழிக்கவில்லை. முப்பந்தலில் அவள் இசக்கியம்மனாகப் பூசை பெறுகிறாள். உங்கள் படத்தின் வாரிசுகளும் முன்னோர் செய்த கொலையை ஊரறிய ஒப்புக்கொண்டு, அவளுக்கு ஒரு பீடம் எழுப்பட்டும்.

கேள்வி: அப்படியானால் இசக்கியம்மனையே படத்தின் சூனியக்காரியாகக் காட்டலாமே?
– வாசகி ஒருவர், பூதப்பாண்டி

பதில்: வேண்டாம். சூனியக்காரி என்பவள் பிறருக்குக் கேடு செய்ய மந்திரம் பயில்பவள் என்றே நாம் பொருள் கொள்கிறோம். இசக்கியோ கையில் குழந்தையோடு நிற்கும் தெய்வம். பிள்ளை வரம் வேண்டுவோர் அவள் சந்நிதியில் தொட்டில் கட்டுகிறார்கள். கதையின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு வேறு பெயர் வையுங்கள்.