'அகின்ஃபென்வா' என்று கூப்பிட்டால் கோபப்பட வேண்டுமா?

தம்பி, இங்கிலாந்தில் ஹை விக்கம் ஊர்ப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, கூட வேலை செய்கிறவர்கள் உங்களை 'அகின்ஃபென்வா' என்று கூப்பிடுகிறார்கள், தேடிப் பார்த்தால் ஒரு பருத்த மனிதரின் படம் வருகிறது, இது கேலியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு ஊராக இருந்தால் யோசித்திருப்பேன். ஹை விக்கமில் அந்தப் பெயர் கிடைத்தால் பெரும்பாலும் பாசம்தான்.

அடபாயோ அகின்ஃபென்வா ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரர். லண்டனில் பிறந்தவர், பெற்றோர் நைஜீரியர்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை. இந்த உடம்போடு ஃபுட்பாலா என்று கேட்காத ஆளில்லை. பதின்ம வயதில் லித்துவேனியாவுக்கு ஆடப் போனார். அங்கே சொந்த அணியின் ரசிகர்களே நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பவில்லை. 2001 லித்துவேனியக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றி கோல் அவருடையது. அப்புறம் வேல்ஸ் நாட்டில் ஒரு கிளப், டார்க்கி, ஸ்வான்சி, நார்தாம்ப்டன், ஜில்லிங்கம் என்று கிளப் கிளப்பாக அலைச்சல். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஆனால் ஃபிஃபா வீடியோ கேமில் உடல் வலுவில் பல வருடம் முதலிடம் அவருக்குத்தான். உலகமெங்கும் பையன்களுக்கு அவரைத் தெரிந்தது அப்படித்தான். கேலிக்கு இடமாக இருந்த உடம்பையே 'பீஸ்ட்' என்று பட்டமாக்கி, 'பீஸ்ட் மோட் ஆன்' என்று டி-ஷர்ட்டே விற்றார். கெட்டிக்காரர்!

2015 ஜனவரியில் பெரிய, சின்ன கிளப்புகள் எல்லாம் மோதும் எஃப்.ஏ. கோப்பையில், பிரீமியர் லீக் அணியான லிவர்பூல், எங்கள் நியூ மால்டன் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய கிங்ஸ்மெடோ மைதானத்துக்கு வந்தது. டிக்கெட் கிடைக்காமல் டிவியில்தான் பார்த்தேன். அப்போது நான்காம் நிலை லீக்கில் இருந்த ஏஎஃப்சி விம்பிள்டனுக்காக அகின்ஃபென்வா ஒன்றுக்கொன்று என்று சமன்செய்தபோது என் மகன் சோபாவிலிருந்து குதித்துக் கால் சுளுக்கிக்கொண்டான். லிவர்பூல் கேப்டன் ஜெரார்டின் இரண்டாவது கோலில் லிவர்பூல் ஜெயித்தது, அது வேறு கதை. இத்தனைக்கும் அகின்ஃபென்வா சின்ன வயதிலிருந்து லிவர்பூல் ரசிகர்.

மறு வருடம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் பிளே-ஆஃப் இறுதியாட்டம், ஜெயித்தால் விம்பிள்டனுக்கு மேல் லீக். கடைசி நிமிடங்களில் பெனால்டி அடித்து வெற்றியை உறுதிசெய்தார். ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. கையில் மைக் கிடைத்ததும், இப்போது எனக்கு வேலை இல்லை, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்று நேரலையிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு இணையத்தில் பற்றிக்கொண்டது. உங்கள் ஊர் விக்கம் வாண்டரர்ஸ் அவரை எடுத்தது. 2020இல் அந்த கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் நிலை லீக்குக்குப் போனபோது, லிவர்பூலின் அப்போதைய மேனேஜர் யுர்கன் க்ளாப்பே வீடியோவில் வாழ்த்து அனுப்பினார்.

அதனால் அடுத்த முறை கூப்பிட்டால் 'பீஸ்ட் மோட் ஆன்' என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சிரித்துத் தோளில் தட்டினால் சரி. பேச்சு உங்கள் எடையிலும் நிறத்திலுமே சுற்றினால் சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்காதீர்கள், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதற்கு எதிராக இங்கே சட்டமே இருக்கிறது.

ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, வாய்விட்டு வேலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வெம்ப்ளி வீடியோவை ஒருமுறை பாருங்கள் தம்பி.