ரெக்கார்டர் கேட்டால் எதை வாங்குவது?

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ‘டெஸ்கன்ட் ரெக்கார்டர்’ வாங்கித் தரும்படி பள்ளியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இணையத்தில் ரெக்கார்டர் என்று தேடினால் குரல் பதியும் கருவிகள்தான் வருகின்றன. இசைக்கருவிக் கடையிலோ ‘சோப்ரானோ’ என்று ஒரு குழலை நீட்டுகிறார்கள். எதை வாங்குவது? ஊதுகிற குழலுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?
- வாசகி, கோவை

பதில்: கடைக்காரர் நீட்டியதையே வாங்குங்கள். டெஸ்கன்ட் என்பது பிரிட்டன் வழக்கு. அமெரிக்காவில் அதே குழலுக்கு சோப்ரானோ என்று பெயர். இதைவிடத் தாழ்ந்த சுருதியில் ட்ரெபிள், டெனர், பாஸ் என்று பெரிய அண்ணன்மார் உண்டு. அவற்றின் துளைகள் சின்ன விரல்களுக்கு எட்டாது.

பெயரைப் பொறுத்தவரை மூத்தது குழல்தான். குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். பிற்பாடு நான்காம் ஹென்றியாக இங்கிலாந்தின் அரியணை ஏறிய டெர்பி பிரபுவின் வீட்டுக் கணக்கிலோ, ‘ரெக்கார்டர் என்னும் பெயருடைய குழல் ஒன்று’ என்று 1388இலேயே லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘ரெக்கார்ட்’ என்னும் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் வேருக்கு ‘நினைவுகூர்தல்’ என்று பொருள்; இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ அதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் ஏற்றுவதையும் அந்த வினை குறித்தது. நாம் உருப்போடுவது என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். மெட்டைப் பாடிப் பழகுவதற்கும், பறவை மெல்லக் கூவிப் பழகுவதற்கும்கூட அதையே ஆண்டார்கள். குழலுக்குப் பெயர் வந்தது இந்தப் பொருளிலிருந்துதான் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சொல்லைக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் குழலை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. ஊதுவாயின் வடிவத்தைப் பார்த்து ‘அலகுக் குழல்’ என்கிறார்கள். ஜெர்மானியர்களோ, அந்த வாய்க்குள் செருகியிருக்கும் கட்டையைப் பார்த்து ‘கட்டைக் குழல்’ என்று வைத்துவிட்டார்கள்!

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணி, நான்காவதையும் ஐந்தாவதையும் ஒப்பிடுங்கள். ஐந்தாவது பெரிதாக இருந்தால் அது பரோக் முறையில் விரல் பிடிக்கும் குழல். சிறிதாக இருந்தால் ஜெர்மன் முறை. ஜெர்மன் முறையில் ‘எஃப்’ சுரம் எளிதாக வரும் என்று சொல்லி விற்பார்கள். ‘எஃப் ஷார்ப்’ வரும்போதுதான் விரல்கள் திண்டாடும். ஆகவே என் ஓட்டு பரோக்குக்கே. வகுப்பில் எல்லாரும் ஜெர்மன் முறைக் குழலையே வைத்திருந்தால் மட்டும் நீங்களும் அதையே வாங்கிவிடுங்கள். ஒருவனுக்கு மட்டும் தனியாக விரல் பிடிக்கச் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரமிருக்காது.