வாசகர் கேள்வி: சுவரில் தெரியும் பழைய மூலை

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் என் மகள் குடியிருக்கும் பழைய செங்கல் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்சுவரில் சிவப்புக் கல்லும் கருநீலக் கல்லும் மாறி மாறி வருகின்றன. பக்கச்சுவரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது. ஒரு சன்னலை அடைத்திருக்கிறார்கள். அடிப்பகுதியில் செங்கல்லின் முகமே உதிர்கிறது. எங்கள் வீட்டு முகப்பிலும் இதே உதிர்வு உண்டு. ஏன்? (தேவகோட்டை வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் அந்தக் கோட்டைக் கவனித்ததே பெரிய விஷயம். நீளவாட்டில் ஒரு கல், முனை தெரியக் குறுக்கே ஒரு கல் என ஒவ்வொரு வரிசையிலும் மாறி மாறி வைப்பது பிளெமிஷ் கட்டு. அது 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது. சூளையில் அதிகம் வெந்து கருநீலமான முனைகளை அழகுக்காகவே வெளியே காட்டினார்கள். மூலையில் வரிசை சரியாக முடிவதற்காக, நீளவாக்கில் பிளந்த ஒரு மெல்லிய கல்லை மூலைக்கல்லுக்கு அடுத்து வைப்பது கொத்தனார் வழக்கம். அந்த மெல்லிய கற்கள் நடுச்சுவரில் கோட்டை ஒட்டி ஒன்றுவிட்ட வரிசைகளில் தெரிந்தால், வீடு ஒரு காலத்தில் அங்கேயே முடிந்தது. மீதி பின்னால் சேர்ந்தது. சேர்ந்த பகுதியின் கல் தடிமனாக இருந்தால் அது 1784க்குப் பிந்தியதாக இருக்கலாம். அந்த ஆண்டு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரி விதித்ததால், எண்ணிக்கையைக் குறைக்கப் பலர் கல்லைப் பெரிதாக அறுத்தார்கள். அந்த வரி 1850இல்தான் நீங்கியது.

அடைத்த சன்னலைப் பார்த்ததும் 1696 முதல் 1851 வரை இருந்த சன்னல் வரியைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். ஆனால் சன்னல் குறைந்த சிறு வீடுகளை அந்த வரி பெரும்பாலும் தொடவில்லை. உள்ளே அந்த இடத்தில் மாடிப்படியோ புகைபோக்கியோ வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

உதிர்வுக்கு வருகிறேன், என்னை வருத்துவது இதுதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், தரையிலிருந்து ஏறும் ஓதத்தைச் சாந்தின் வழியே வெளியே விட்டுவிடும். இடுக்குகளில் சிமெண்டை அடைத்தால் ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள்ளேயே தங்கி அதன் முகத்தைப் பெயர்க்கின்றன. அங்கே உறைபனி அதை விரைவுபடுத்துகிறது. நம் செட்டிநாட்டு வீடுகளில், பளிங்குபோல் வழவழக்கும் காரையைக் கொத்திவிட்டு இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசுகிறார்கள். சரியாக அந்தச் சிமெண்டு முடியும் உயரத்துக்குமேல் உப்புப் பூத்து நிற்பதை உங்கள் முகப்பிலும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

மகளின் வீடு அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலையை உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியின்றிச் செய்வது குற்றம். வீட்டு உரிமையாளர் முதலில் அங்கே விசாரிக்கட்டும். உங்கள் வீட்டுக்கு அந்தத் தடை இல்லையென்றால், தை பிறந்ததும் சிமெண்டை மெல்லப் பெயர்த்து, கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, ஆவணியில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்புக் காரையைப் பூசச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குள் அது இறுகிவிடும்.