கறுத்த வளையம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கசாகஸ்தானில், அல்மாத்தி நகரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நோயாளிகளிடம் பேசுவதற்காகக் கசாக் மொழி கற்றுக்கொள்கிறேன். 'கோல்' என்றால் கை, படை என்றும் பொருள், கையெழுத்தும் அதுதான். 'பாஸ்' என்றால் தலை, மலையுச்சி, தானியக் கதிர், ஆற்றின் தொடக்கம். பல பெயர்ச்சொற்களுக்கு இப்படி நாலைந்து பொருள். சொல்வளம் குறைந்த மொழி என்பதால்தானா? இவற்றை எப்படி மனப்பாடம் செய்வது?

அன்புள்ள தம்பி,

அவ்வளவு தூரம் போய், நோயாளியிடம் அவர் மொழியிலேயே பேச வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் 'சொல்வளம் குறைந்த மொழி' என்று எழுதியது பெரிய தவறு. 'கையெழுத்து' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் கை உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லையா? நாம் ஊசிக்குக் காது வைத்தோம், அவர்கள் கண் வைத்தார்கள். காதை அவர்கள் கொப்பரையின் பிடிக்கும் தோம்ப்ரா என்ற தந்தி வாத்தியத்தின் பிரடைக்கும் கொடுத்தார்கள்.

கசாக்கில் 'ஆத்' என்பது குதிரைக்கும் பெயருக்கும் பொதுவாக இருப்பது வேறு சங்கதி. அவை இரண்டு தனிச் சொற்கள், காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது. அதை விடுங்கள்.

சில நாட்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் சொல் 'ஷங்கிராக்'. சில வருடங்களுக்கு முன் அல்மாத்திக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில் தங்கியிருந்தேன். செங்கல் சுவர், தகரக் கூரை. உள்ளே சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மர வளையம். நடுவில் வளைந்த கம்புகள், விளிம்பைச் சுற்றிலும் துளைகள். தொட்டுப் பார்த்தேன், விரலில் கரி ஒட்டியது. எல்லோரும் 'அபா' என்று கூப்பிட்ட அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்து, தன் தலைத்துணியின் ஓரத்தால் விரலைத் துடைத்துவிட்டார்.

அது அவருடைய மாமனாரின் கூடாரத்து உச்சி வளையம், அதற்குப் பெயர்தான் ஷங்கிராக். மந்தைகளோடு இடம் மாறி வாழ்ந்த காலத்தில் கசாக்குகளுக்குக் கூடாரம்தான் வீடு. கூடாரம் போடும்போது ஒருவர் கவைக்கோலால் அதைத் தூக்கிப் பிடிப்பார், மற்றவர்கள் கழிகளைத் துளைகளில் செருகுவார்கள். அடுப்புப் புகை வெளியே போவதும் வெளிச்சம் உள்ளே வருவதும் அதன் வழியாகத்தான். அதனால் ஷங்கிராக் என்றால் வீடு, குடும்பம். ஊரில் எத்தனை குடும்பம் என்று எண்ணுவதும் ஷங்கிராக் கணக்கில்தான். கல்யாணம் செய்து குடும்பமாவது 'ஷங்கிராக் தூக்குவது'. கடைக்குட்டி மகனுக்கு வரும் பெற்றோர் வீடு 'காரா ஷங்கிராக்', கறுத்த வளையம். என் விரலில் ஒட்டிய அதே கரிதான் தம்பி, அந்தச் சொல்லிலும் இருக்கிறது! 'உன் ஷங்கிராக் உயர்ந்திருக்கட்டும்' என்று வாழ்த்துவார்கள். அது நடுவீட்டில் இடிந்து விழட்டும் என்பது கொடிய சாபம்.

1920-களின் இறுதியிலிருந்து சோவியத் அரசு அவர்களுடைய மந்தைகளைப் பறித்தது, மேய்ச்சல் மக்களைக் கட்டாயமாக ஓரிடத்தில் உட்கார வைத்தது. 1931–33 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கசாக்குகள் செத்தார்கள். கூடார வாழ்க்கை அழிந்த பிறகும் இந்தச் சொல் செங்கல் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் அவர்களோடு கூடவே வந்தது. 1992-ல் அந்த வளையத்தை நாட்டுச் சின்னத்தின் நடுவில் வைத்தார்கள். இந்த மொழியைப் போய் வளமில்லாதது என்பீர்களா?

மனப்பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் வார்டில் வயதான அபா யாராவது இருப்பார். அவர் குடும்பத்தின் பழைய ஷங்கிராக் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.