டிவிஷன் மாறப்போகிறதாம், மரைனர்ஸ் ஆட்டம் பார்க்க எந்த ஊருக்குப் போகலாம்?

கேள்வி: சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரெட்மண்டில் இருக்கிறோம். 9 வயது மகனுக்கு சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். வருஷம் ஒரு வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போவேன். மேஜர் லீக் டிவிஷன்களை (அடிக்கடி தங்களுக்குள் மோதும் அணிகளின் பிரிவுகளை) மாற்றிப் பிரிக்கப்போகிறார்களாமே, ஹூஸ்டன் பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

பதில்: அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். 2025 ஆகஸ்டில் லீக்கின் தலைவரான கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் சொன்னது ஒரு யோசனைதான்: 30 அணிகள் 32 ஆகும்போது, அருகருகே உள்ள ஊர்களை ஒரே டிவிஷனில் சேர்த்தால் வீரர்களின் அலைச்சல் குறையும். 2029 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்குள் புது அணிகளுக்கான இரண்டு ஊர்களையும் முடிவு செய்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அட்டவணையை மாற்ற வீரர்கள் சங்கத்திடமும் பேசியாக வேண்டும்.

சியாட்டிலுக்கு இந்த மாற்றம் நிச்சயம் தேவை. ஒரே டிவிஷனில் இருக்கும் ஹூஸ்டன் சுமார் 3,000 கி.மீ. தள்ளி இருக்கிறது; டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ஆர்லிங்டனும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். டிவிஷன் அணி ஒவ்வொன்றோடும் சீசனுக்கு 13 ஆட்டம் என்பதால், வழக்கமாக இரண்டு ஊருக்கும் தலா இரண்டு தடவை போக வேண்டும். தூரத்தைவிட உடம்பைப் படுத்துவது கடிகாரத்தில் உள்ள இரண்டு மணி நேர வித்தியாசம். ஞாயிறு மதிய ஆட்டம் முடிந்து, குளித்து, பஸ் ஏறி, நாலு மணி நேரம் பறந்து ஹூஸ்டனில் ஹோட்டல் அறைக்குள் நுழையும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். உடம்புக்கோ அப்போதுதான் பத்து மணி. தூக்கம் எப்படி வரும்? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1992 முதல் 2011 வரை நடந்த ஆட்டங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது. கிழக்கே பறந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஜெட் லாக்கோடு (நேர வித்தியாசத்தால் வரும் களைப்போடு) ஆடிய பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், எதிரணிக்குக் கூடுதலாக ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி) விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் டிவிஷன் மாறினாலும் சியாட்டில் இருக்கும் இடம் மாறாதே. இப்போது பக்கத்து அணி என்றாலே சாக்ரமென்டோ, சான் பிரான்சிஸ்கோதான்; எப்படியும் 1,000 கி.மீ. ஆகிவிடும். புது அணி கேட்கும் ஊர்களில் போர்ட்லாண்டும் சால்ட் லேக் சிட்டியும் இருக்கின்றன. போர்ட்லாண்டுக்குக் கிடைத்தால் 280 கி.மீ., காரில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை கிளம்பினால் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த முடிவுதான்.

சரி, அதுவரை? ஹூஸ்டனுக்கு முன்னால் வெஸ்ட் சாக்ரமென்டோ போய் வாருங்கள். லாஸ் வேகஸில் 2028-ல் புது மைதானம் திறக்கும்வரை அத்லெட்டிக்ஸ் அணி அங்கே தற்காலிகமாக ஆடுகிறது. சுமார் 14,000 பேர் மட்டுமே கொள்ளும் மைதானம், பிட்சர் வீசும் பந்து கேட்ச்சரின் கையுறையில் 'டப்' என்று விழும் சத்தம் மகனுக்கு நன்றாகவே கேட்கும். விமானத்தில் இரண்டு மணி நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், அதனால் இரவு ஆட்டமாகப் பாருங்கள். ஹூஸ்டன்தான் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், போய்ச் சேரும் நாளில் அவனைத் தூங்க விட்டுவிட்டு மறுநாள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள்.