பருத்திக்காட்டில் விடுதலை: போருக்குப் பிந்தைய அமெரிக்கத் தெற்கு – கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது தெற்கு மாநிலங்களில் சுமார் 40 லட்சம் அடிமைகள் விடுதலையானார்கள். அடுத்து வந்த 12 ஆண்டுகளை மறுசீரமைப்புக் காலம் என்பார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: போர் முடிந்தபோது தெற்கு எந்த நிலையில் இருந்தது? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: அட்லாண்டா, ரிச்மண்ட், கொலம்பியா நகரங்களில் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. வடக்கின் படை தண்டவாளங்களைப் பிடுங்கிப் பழுக்கக் காய்ச்சி மரங்களில் சுற்றிவிட்டுப் போயிருந்தது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் தனியாக அமைத்த அரசு அச்சடித்த நோட்டுகள் செல்லாமல் போயின. 1866-ல் மிசிசிப்பி மாநிலம் தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை, கால்களுக்கே செலவழித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பண்ணையார்களின் சொத்தில் பெரும்பங்கு நிலம் அல்ல, மனிதர்கள்! அந்த மனிதர்களை ஈடு காட்டித்தான் கடன் வாங்கி வந்தார்கள். ஈடு போனதும் கடன் கொடுக்கும் ஏற்பாடே படுத்துவிட்டது. பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: விடுதலையானவர்கள் முதலில் என்ன செய்தார்கள்?

பதில்: தேடினார்கள். விற்கப்பட்டுப் பிரிந்த மனைவியை, மகனை, தாயைத் தேடி நடந்தே போனார்கள். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள்: பெயர், எந்த ஊரில் எந்த எஜமானரிடம் இருந்தார், யாருக்கு விற்கப்பட்டார் என்ற விவரங்களோடு. பல ஆண்டுகள் கழித்தும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. அப்புறம் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள்; அதுவரை அவர்கள் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அடுத்தது பள்ளிக்கூடம். பாட்டியும் பேத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள்.

கேள்வி: '40 ஏக்கர் நிலமும் ஒரு கோவேறு கழுதையும்' தருவதாகச் சொன்னது உண்மையா, கட்டுக்கதையா? (ஈரோடு, சேலம் வாசகர்கள்)

பதில்: உண்மைதான். 1865 ஜனவரி 12 அன்று சவானா நகரில் வடக்கின் தளபதி ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டாண்டனும் 20 கறுப்பினப் போதகர்களைச் சந்தித்தார்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு, அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃபிரேசியர், நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பிலேயே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டார்: தென் கரோலினா முதல் ஃபுளோரிடா வரை கடலோர நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. உத்தரவில் கழுதை கிடையாது. ராணுவத்தில் மிஞ்சியதைச் சிலருக்குக் கொடுத்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிரிட்டுவிட்டார்கள்.

ஏப்ரலில் அதிபர் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பண்ணையார்களை மன்னித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லும் வேலை, விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறையின் தலைவர் ஹோவர்ட் தலையில் விழுந்தது. போரில் வலது கையை இழந்தவர், நல்ல மனிதர். அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் கூட்டம். பழைய எஜமானர்களை மன்னித்து அவர்களிடமே வேலைக்குப் போங்கள் என்றார். தீவு மக்கள் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. உங்களுக்குப் போனது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி அடித்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை நான் எப்படி மன்னிப்பது என்று கேட்டிருந்தார்கள். மறுசீரமைப்பு தோற்ற இடம் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் காலம் முடிந்த 1877-ஐச் சொல்ல மாட்டேன், இந்தக் கூட்டத்தைத்தான் சொல்வேன்.

கேள்வி: அடிமைகளுக்கு இழப்பீடு கிடைத்ததா?

பதில்: இல்லை. ஆனால் எஜமானர்களுக்குக் கிடைத்த ஓர் இடம் உண்டு. 1862-ல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை உரிமையாளர் கையில் கொடுத்தார்கள்.

கேள்வி: சுதந்திரம் கிடைத்த பிறகும் ஏன் அதே பண்ணையில் வேலை செய்தார்கள்? வேறு ஊருக்குப் போயிருக்கலாமே. (வங்கி ஊழியர், மதுரை)

பதில்: போனார்கள், நிறையப் பேர். ஆனால் 1865 கடைசியில் மிசிசிப்பியும் தென் கரோலினாவும் சட்டம் போட்டன: வேலை ஒப்பந்தம் கையில் இல்லாத கறுப்பினத்தவரை 'நாடோடி' என்று பிடிக்கலாம், அபராதம் கட்ட முடியாவிட்டால் கட்டுபவரிடம் வேலைக்கு விடலாம். நாடாளுமன்றம் தலையிட்டு இவற்றை ஒடுக்கியது. பிறகு வந்தது வாரச் சாகுபடி, அதாவது நிலக்காரர் நிலத்தில் பயிரிட்டு மகசூலில் அவருக்குப் பங்கு கொடுப்பது. கங்காணியின் கீழ்க் கூட்டமாக வேலை செய்ய மாட்டோம், குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் பிரித்துக் கொடு என்று கேட்டவர்கள் விடுதலை பெற்றவர்களேதான். அந்த அளவில் அது வெற்றி.

சிக்கல் கடைக்காரரின் கணக்கு நோட்டில் இருந்தது. மார்ச்சில் விதை முதல் மாவு, உப்புப் பன்றிக்கறி, செருப்பு வரை கடனுக்கு வாங்க வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. இந்த வித்தியாசத்தை ஆண்டு வட்டியாக்கினால் 1880களின் ஜார்ஜியாவில் 60 சதவீதம் அளவுக்கு வரும். நீங்கள் வங்கிக்காரர், புரியும். விளையப்போகும் பயிரே ஈடு. மாடு, கலப்பை நிலக்காரருடையது என்றால் மகசூலில் பாதி அவருக்கு. மீதியில் கடைக்காரர் கடனைக் கழிப்பார். டிசம்பரில் நோட்டைப் புரட்டி, இன்னும் இவ்வளவு பாக்கி என்பார். படிக்கத் தெரியாதவர் என்ன சொல்ல முடியும்? படிக்கத் தெரிந்தவரும் எதிர்த்துப் பேசினால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

கேள்வி: பருத்தியை விட்டுச் சோளம் போட்டிருக்கலாமே?

பதில்: கடன் கொடுத்தவர் விட மாட்டார். சோளத்தைக் குடும்பம் சாப்பிட்டுவிடும், பருத்தியைச் சாப்பிட முடியாது.

கேள்வி: அந்தப் போரால் நம்ம கரிசல் பருத்திக்கு விலை ஏறியதாமே? (கோவில்பட்டி)

பதில்: ஆமாம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பெருமளவு அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்தன. வடக்கின் கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை அடைத்ததும் பம்பாயிலும் தூத்துக்குடியிலும் விலை பறந்தது. 1865-ல் போர் முடிந்ததும் சரிந்தது. அதன்பிறகு இந்தியா, எகிப்து, அமெரிக்கா மூன்றும் ஒரே சந்தையில் கொட்டின. 1866-ல் நியூயார்க்கில் ராத்தல் 40 சென்டுக்கு மேல் விற்ற பஞ்சு, 1870களின் கடைசியில் 10, 11 சென்டுக்கு வந்துவிட்டது. மிசிசிப்பி வாரதாரரும் கரிசல்காட்டு சம்சாரியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விலையில் அடிபட்டார்கள்.

கேள்வி: ஒருவர்கூட முன்னுக்கு வரவில்லையா?

பதில்: வந்தார்கள். பெஞ்சமின் மான்ட்கோமரியைப் பாருங்கள். தெற்கின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் அண்ணனிடம் அடிமையாக இருந்தவர். பண்ணையின் கடையையே நடத்தியவர். 1866-ல் அதே பண்ணையை 3 லட்சம் டாலருக்குத் தவணையில் வாங்கினார். ஆற்று வெள்ளமும் விலைச் சரிவும் தவணையைக் கட்டவிடவில்லை. 1877-ல் அவர் இறந்தார். 1881-ல் நிலம் டேவிஸ் குடும்பத்துக்கே திரும்பியது. மகன் ஐசையா 1887-ல் மவுண்ட் பாயூ என்ற கறுப்பின ஊரை உருவாக்கினார். எழுத்தறிவும் வளர்ந்தது: 1870-ல் கறுப்பினத்தவரில் சுமார் 80 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, 1900-ல் அது சுமார் 45 சதவீதம்.

கேள்வி: கறுப்பின அரசியல்வாதிகளின் ஊழலால்தான் எல்லாம் கெட்டது என்று படித்தேனே?

பதில்: மறுசீரமைப்புக் காலத்தில் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், பதவிக்கும் வந்தார்கள். அந்த ஆட்சிகளில் ஊழல் இருந்தது, குறிப்பாக ரயில்வே பத்திரங்களில். அதே காலத்தில் நியூயார்க் நகராட்சியில் நடந்த ஊழலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம். எல்லாருக்கும் பொதுவான பள்ளிகளுக்கு வழிசெய்த தென் கரோலினாவின் 1868 அரசியலமைப்பை எழுதியதும் அவர்கள்தான். அந்த ஆட்சிகள் வீழ்ந்தது துப்பாக்கியால். 1873-ல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் ஈஸ்டர் நாளில் ஆயுதமேந்திய வெள்ளையர்கள் பல டஜன் கறுப்பினத்தவரைக் கொன்றார்கள், சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்ற சிலரையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வாக்குரிமையைப் பிறகு சட்டத்தாலேயே எடுத்தார்கள்: வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுச் சோதனை. லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள். 1900-ல் 5,320 பேர்.

கேள்வி: வாரச் சாகுபடி எப்போது ஒழிந்தது? (தஞ்சாவூர் விவசாயி)

பதில்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் முழுசாகக் கரைந்தது. 1933-ல் பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்தது. அது நிலக்காரர் கைக்குப் போனது, வாரதாரர்களைப் பலர் வெளியேற்றினார்கள். பின்னால் பஞ்சு பறிக்கும் இயந்திரம் வந்தது. அதற்குள் லட்சக்கணக்கானோர் வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராய்டுக்கும் ரயிலேறிவிட்டார்கள்.