அடங்க மறுக்கும் நொதி: சிஎம்எல் ரத்தப் புற்றுநோய் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு வந்திருக்கும் சிஎம்எல் (நாள்பட்ட மயலாய்டு லுகேமியா) என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு நொதிதான் காரணம் என்றார் மருத்துவர். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதியா?

பதில்: இல்லை. இது டைரோசின் கைனேஸ். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தில் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்து அடுத்ததை எழுப்பும். கடைசியில் "பெருகு" என்ற உத்தரவு செல்லுக்குப் போய்ச் சேரும். ஏபிஎல் என்ற கைனேஸ் இயல்பாக வேலை முடிந்ததும் அடங்கிவிடும். உங்கள் அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டன. அதில் ஏபிஎல் மரபணு பிசிஆர் (BCR) மரபணுவோடு இணைந்துவிட்டது. இப்படிப் பிறந்த கூட்டுப் புரதத்தில் ஏபிஎல்லை அடக்கிவைக்கும் நுனி இல்லை. அதனால் உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் அறிவித்தார்கள். காணாமல் போன துண்டு 9-இல் ஒட்டியிருப்பதை 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தவர் அவர். அந்த மேசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: எங்களுக்கும் இது வருமா?

பதில்: அப்பாவிடமிருந்து வராது. மாற்றம் மஜ்ஜைச் செல்லில் நேர்ந்தது, விந்தணுவில் அல்ல.

கேள்வி: இந்த நோய்க்குத் தரும் இமாடினிப் மாத்திரை அந்த நொதியை அழித்துவிடுமா?

பதில்: அழிக்காது. ஏடிபி வந்து அமரும் குழியில் மருந்து முந்திக்கொண்டு அமர்கிறது, அவ்வளவுதான். மருந்து குறைந்தால் ஏடிபி மறுபடி உள்ளே வந்துவிடும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று பாதி அட்டையை அலமாரியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல ஆண்டுகள் PCR என்ற மரபணுப் பரிசோதனையில் (மேலே சொன்ன பிசிஆர் மரபணு வேறு) நோய் ஆழமாக அடங்கியிருந்தால், மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. தானாக நிறுத்துவது வேறு.

கேள்வி: மருந்து பலிக்காமல் போனால்?

பதில்: முதலில் மாத்திரை தவறாமல் போகிறதா என்று பாருங்கள். பிறகு நொதியில் மாற்றம் ஏற்பட்டிருக்கிறதா என்று சோதிப்பார்கள். நொதியின் அமினோ அமில வரிசையில் 315-ஆம் இடத்தில் த்ரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிட்டால் இமாடினிப் குழியில் பொருந்தாது. இதே வகை மருந்துகளான டாசாடினிப், நிலோடினிப்பும் பயன்தராது; பொனாடினிப் என்ற மருந்து பொருந்தும்.

கேள்வி: வேறு கம்பெனி மாத்திரையை நம்பலாமா?

பதில்: தரமான ஜெனரிக்கை (அதே மருந்தை வேறு கம்பெனி தயாரிப்பது) நம்பலாம். கம்பெனியை மாற்றும்போது மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். இந்த மருந்தின் படிக வடிவத்துக்கு, இதை முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் மற்ற கம்பெனிகளும் இந்த மருந்தைத் தயாரிக்க முடிகிறது. உங்கள் அப்பா மாதாமாதம் அதைக் கட்டுப்படியாகும் விலையில் வாங்க முடிவது அதனால்தான்.